கேட்டால் சொல்வார்

மண் சரிந்து கோத்தகிரி ரோடு அடைபட்டுக் கிடந்த ஒரு காலையில், குன்னூரில் எங்கள் பட்டறை வாசலில் வெளியூர்க் கார் ஒன்று வந்து நின்றது. இ-பாஸ் வாங்கிக்கொண்டு குடும்பத்தோடு ஊர் சுற்ற வந்தவர்கள். பின் சீட்டில் பிள்ளைகள் ஏற்கெனவே வாடிப்போயிருந்தார்கள். ஓட்டி வந்தவர் கண்ணாடியை இறக்கி, "ஏங்க, கோத்தகிரிக்கு எப்படிங்க போறது?" என்றார்.

எங்கள் பட்டறைக்காரர் விரல்களை வேஸ்ட் துணியில் துடைத்துக்கொண்டே ரோட்டோரம் வரைக்கும் இறங்கிப் போனார். கையை நீட்டி, எந்தத் திருப்பம், எந்த பங்க், எங்கே வலது, எங்கே இடது என்று பொறுமையாக வழி சொன்னார். சொந்தக்காரன்கூட அவ்வளவு அக்கறையாகச் சொல்லமாட்டான். காரின் முன் சீட்டில் இருந்த அம்மா கும்பிட்டே விட்டார். கார் போய்விட்டது.

நான் அவர் பக்கத்தில் ஓடிப்போய் நின்றேன். "அண்ணே, ரோடுதான் அடைச்சுக் கெடக்குதுங்களே!"

"ஆமாங்க."

"சொல்லலீங்களே?"

"வழி கேட்டாருங்க. சொன்னேன்."

மத்தியானம் அதே கார் திரும்பி வந்தது. பிள்ளைகள் வாந்தி எடுத்து ஓய்ந்திருந்தார்கள். அந்த ஆள் இறங்கி நேராக அவர் முன்னால் வந்து நின்றார். "ரோடு அடைச்சிருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியுங்க."

 அந்த ஆள் காரில் ஏறிக் கதவை அறைந்து சாத்தினார். 

ஊரில் அவரைப் போரிங்காரர் என்பார்கள். தேய்ந்துபோன இன்ஜினின் சிலிண்டரைக் கடைந்து சரிசெய்கிற பட்டறை அவருடையது. இன்று அந்த இடத்தில் ஹோம்மேட் சாக்லேட் விற்கிறார்கள். பழுப்பு ஸ்வெட்டர், மங்கி கேப், நகத்தில் அழுக்கு இல்லாத விரல்கள். இத்தனை வருடம் கிரீஸில் புழங்கியவருக்கு நகம் எப்படி அப்படி இருந்தது என்று எனக்கு ஆச்சரியமாக இருக்கும். குரல் உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. சின்னப் பையனையும் "வாங்க, போங்க" என்பார். என்னிடமும் அப்படித்தான். நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குமுன் என்னை யாரும் 'ங்க' போட்டுப் பேசியதில்லை. அந்த 'ங்க'வுக்காகவே அவரிடம் பல வருடம் போரிங் மெஷினில் நின்றேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

நான் எதற்கும் பயப்படுகிறவன். மழை வலுத்தால் வீட்டுக்குப் பின்னாலிருக்கிற மண்மேட்டைப் பார்ப்பேன். பஸ் கொண்டை ஊசியில் திரும்பினால் முன் சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்வேன். கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியிலிருந்து திரும்பிப் போயிருக்கிறேன். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவன் சொல்கிற எச்சரிக்கையை யாரும் காதில் போட்டுக்கொள்ளமாட்டார்கள். எச்சரிக்கிற தகுதி அவருக்குத்தான் இருந்தது. அவர் எச்சரிக்கமாட்டார்.

அவர் பட்டறையில் ஒரு பழக்கம். சிலிண்டர்கள் இருக்கிற இன்ஜின் பிளாக்கை மேசைமேல் தூக்கி வைத்ததும், வந்தவர் கையில் ஒரு சாக்பீஸைக் கொடுப்பார். என்ன அளவு வேண்டுமோ அதை வந்தவரே பிளாக்கின் பக்கவாட்டில் எழுத வேண்டும். வேறு எந்தப் பட்டறையிலும் நான் இதைப் பார்த்ததில்லை. எழுதுகிறவருக்கு அது பெரிய மரியாதையாக இருக்கும். மார்பு நிமிர எழுதுவார்கள். எழுதி முடித்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "இது நீங்க கேக்கறதுங்களா, சொல்றதுங்களா?"

அதுதான் அவர் திறந்து வைக்கிற கதவு. ஒரு தடவைதான் திறப்பார். 'கேக்கறேங்க' என்றால் உட்கார வைத்து எல்லாவற்றையும் விளக்கிச் சொல்லுவார். ஆனால் சாக்பீஸைக் கையில் பிடித்து எழுதிவிட்ட மனுசன் எவனாவது 'கேக்கறேன்' என்பானா? "சொல்றதுதாங்க" என்பார்கள். "சரிங்க" என்பார். வேலை எழுதியபடியே நடக்கும், துளி பிசகாது. உருளைக்கிழங்கு லாரிக்காரர் ஒருவர் பிஸ்டனுக்கு இடம் விடாமல் இறுக்கமாக வைக்கச் சொல்லி எழுதினார். வைத்தோம். கல்லட்டி இறக்கம் தாண்டவில்லை, பிஸ்டன் இறுகி இன்ஜின் கட்டிக்கொண்டது. திரும்பவும் அவரிடமேதான் கொண்டுவந்தார். "உங்க வேலை சுத்தமுங்க, நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்" என்று அவரே மன்னிப்புக் கேட்டார். இவர் சாக்பீஸை எடுத்து நீட்டினார்.

முன்னொரு காலத்தில் ஒரு எஸ்டேட் மேனேஜர் அவரைப் பத்துப் பேர் முன்னால் அறைந்துவிட்டார் என்றும், இன்ஜின் தாங்காது என்று தெரியாத்தனமாகச் சொல்லிவைத்து வாங்கிய அறை அது என்றும், அன்றோடுதான் வாயை மூடிக்கொண்டார் என்றும் பக்கத்து வெல்டிங் கடையில் சொல்வார்கள். கேட்கும்போது பாவமாக இருக்கும். ஒருநாள் டீ நேரத்தில் அவரிடமே கேட்டேன்.

"உங்களை ஒரு மேனேஜர் அறைஞ்சது நெசமுங்களா?"

"நெசந்தாங்க."

"தாங்காதுன்னு சொன்னதுக்காங்க?"

"இல்லீங்க. சொல்லலைன்னு அறைஞ்சாருங்க."

இதைச் சொல்லிவிட்டு வர்க்கி பிஸ்கட்டை டீயில் நனைத்துச் சாப்பிட்டார்.

அவர் சம்சாரம் மேட்டுப்பாளையத்தில் அண்ணன் வீட்டில் இருந்தார். சண்டை எதுவும் இல்லையாம். அதையும் கேட்டேன். கேட்டால் சொல்வார், மறைக்கிற குணம் அவரிடம் கிடையாது.

"நான் போகட்டுங்களான்னு கேட்டாங்க. போங்கன்னேன். பஸ் ஏத்தி உட்டேனுங்க."

"இருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இருந்திருப்பாங்கல்லங்க?"

கொஞ்ச நேரம் யோசித்தார். என்னைத் திருப்திப்படுத்த அல்ல, சரியான பதிலுக்காக. "இருந்திருப்பாங்க" என்றார்.

இப்படிப்பட்ட மனுசரிடம்தான் என் மைத்துனன் யோகு தன் ஜீப்பைக் கொண்டுவந்தான்.

யோகு என் மனைவி கலாவின் தம்பி. அவர்கள் அப்பா சிலோன் தோட்டத்திலிருந்து வந்து, கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் கிடந்து உழைத்து வாங்கியது அந்தப் பழைய பெட்ரோல் ஜீப். அவர் போனபிறகு யோகுவுக்கு அதுதான் சோறு. காலையில் லயத்து வீடுகளில் இருக்கிற தோட்டத்துப் பெண்களைத் தேயிலைக் கொழுந்துக் காட்டுக்கு ஏற்றிப் போவான், அப்புறம் பள்ளிக்கூடப் பிள்ளைகள், சாயங்காலம் இலை மூட்டை. நன்றாக ஓட்டுவான். ஆடு ஏறாத மேட்டில் ஜீப்பை ஏற்றி நிறுத்தி, கீழே இறங்கித் தலை சீவிக்கொள்வான்.

மசினகுடியில் ஒரு ரிசார்ட்காரர் மேடு ஏறும் பந்தயங்களுக்கு ஆள் தேடினார். மேட்டுப்பாளையம் பக்கம் கைவிட்ட கல்குவாரி ஒன்றில் போட்டி வைக்கிறார்கள், அதில் ஜெயிக்கிற டிரைவரை நிரந்தரமாக வைத்துக்கொள்வதாகப் பேச்சு. யோகு அதிலேயே விழுந்து கிடந்தான். கோயம்புத்தூர் உக்கடத்தில் தேடி ஒரு பழைய சூப்பர்சார்ஜரைப் பிடித்து வந்தான். ப்ளோயர் என்பார்கள் அதை. இன்ஜினோடு பெல்ட் போட்டு இணைத்தால், காற்றை அமுக்கி இன்ஜினுக்குள் தள்ளும். காற்று மெலிந்த எங்கள் மலையில் மூச்சு வாங்குகிற இன்ஜினுக்கு அது பெரிய பலம். ஜீப்பை வைத்துத்தான் வீடே ஓடுகிறது, இதில் கை வைக்கிறானே என்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிளாக்கை மேசைமேல் வைத்தோம். அவர் சாக்பீஸை நீட்டினார்.

"அண்ணே, ப்ளோயர் போடறேன். கூடவே சிலிண்டர் போரையும் முடிஞ்ச மட்டும் பெருசாக்கிடணும். கூடலூர்க்காரன் ஒருத்தன் வர்றான், அவன் வண்டி பெரிய போரு." சொல்லிக்கொண்டே யோகு எழுதினான். நான் எட்டிப் பார்த்தேன். பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்களுக்கு நடுவில் சுவர் என்று ஒன்று மிஞ்சுமா என்று பயம் வந்தது.

"மாப்ளே, வேண்டாம்டா. சுவரு பப்படமாட்டம் ஆயிரும்."

"மச்சான், உனக்குப் பஸ்ல ஏறினாலே பேதியாகும். நீ எனக்கு இன்ஜின் சொல்றியா?"

அவர் கேட்டார், "இது நீங்க கேக்கறதுங்களா, சொல்றதுங்களா?"

"சொல்றதுதாண்ணே! ஓட்டறவன் நான்தானே?"

"ஆமாங்க. நீங்க ஓட்டறவரு, நான் ஓட்டை போடறவன்."

யோகு விழுந்து விழுந்து சிரித்தான். "என்னா மனுசன் பாத்தியா மச்சான்" என்று என் முதுகில் தட்டினான்.

அவன் போனதும் நான் கேட்டேன். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு பழைய பிஸ்டனைக் கையில் வைத்துக்கொண்டு எனக்குச் சொன்னார். அவ்வளவு தெளிவாக எந்த வாத்தியாரும் எனக்கு எதையும் சொன்னதில்லை.

"போருங்கறது ஓட்டையோட அகலமுங்க. ஸ்ட்ரோக்குங்கறது பிஸ்டன் ஏறி எறங்கற தூரம். தானா மூச்சு இழுக்கற இன்ஜினுக்கு அகலம் வேணும், பெரிய வால்வு வெக்கலாம். ப்ளோயர் இருந்தா காத்தை அதுவே அமுக்கித் தள்ளுது. அப்பறம் அகலம் எதுக்குங்க? அகலம் கூடினா பிஸ்டன் தலையில உழற அடி கூடும், மேல மூடியிருக்கற ஹெட்டைத் தூக்கும். நடுச்சுவரு மெலியும், ஹெட்டுக்கு அடியில வெக்கற கேஸ்கட் தகடு உக்கார எடமிருக்காது. தீப்பொறி ஓரத்துக்குப் போய்ச் சேரறதுக்குள்ள ஓரத்துல இருக்கற பெட்ரோல் தானா வெடிக்கும். அதனால அகலத்தைத் தொடாம, ஸ்ட்ரோக்கைக் கொஞ்சம் நீட்டணுங்க. பிஸ்டனை ஏத்தி எறக்கற கிராங்கைத் தள்ளி வெச்சு அரைச்சா நீளும்."

"எவ்வளவு வேணாலும் நீட்டலாங்களா?"

"அளவுக்கு மேல நீட்டக்கூடாதுங்க. பிஸ்டன் ஓட்டம் அதிகமாகும், கிராங்கு வளையும், பிஸ்டன் சாஞ்சு சுவரைத் தேய்க்கும். கொஞ்சம்தாங்க."

"இதை யோகுகிட்ட ஒரு வார்த்தை சொல்லிறலாங்களே?"

"அவரு கேக்கட்டுங்க."

அன்றைக்கே நான் யோகுவின் லயத்துக்கு ஓடினேன். கெஞ்சினேன். "போய்க் கேளுடா. ஒரே ஒரு வார்த்தை, கேக்கறேன்னு சொல்லு."

அவன் சொன்ன பதிலில்தான் எல்லாம் இருக்கிறது. "தப்பா இருந்தா அந்த மனுசன் சொல்லமாட்டாரா மச்சான்? எவ்வளவு மரியாதையான ஆளு! சும்மா இருக்காருன்னா சரின்னுதானே அர்த்தம்?"

எங்கள் பக்கத்தில் எல்லோரும் செய்கிற தப்பு இது. பணிவாகப் பேசுகிறவன் நமக்கு நல்லதுதான் நினைப்பான் என்று நம்பிவிடுவோம். நான் சொன்னதையெல்லாம் அவன் கேட்டுக்கொண்டான். ஆனால் சொன்னவன் நான். அந்த வார்த்தைகளே அவர் வாயிலிருந்து வந்திருந்தால் தங்கமாக எடுத்துக்கொண்டிருப்பான்.

கடைந்தது என் கைதான். கடைசி வெட்டில் மெஷின் சத்தமே மாறியது, உள்ளே பொள்ளலானதைத் தட்டுகிற மாதிரி. நான் நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தேன். "எழுதினதுக்கு இன்னும் கொஞ்சம் இருக்குதுங்க" என்றார். அளவு எவ்வளவு பாக்கி என்று என் பார்வையிலேயே கேட்டுவிட்டேன் போல.

ஜீப் கிளம்பியது. சும்மா சொல்லக்கூடாது, பறந்தது. குன்னூரிலிருந்து கோத்தகிரி வரைக்கும் எந்த மேட்டிலும் கியர் இறக்கவில்லை. லயத்துப் பெண்கள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "டேய் யோகு, கொழுந்து கிள்ளப் போறமா, ஏரோப்ளேன்ல போறமா?" என்று கத்தினார்கள். எங்கள் வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்தி யோகு என்னைக் கூப்பிட்டான். "ஏறு மச்சான். இல்ல, இன்சூரன்ஸ் கட்டிட்டு வர்றியா?" எல்லோரும் சிரித்தார்கள். கலாவும் சிரித்தாள். எனக்கே வெட்கமாகப் போயிற்று. நாலைந்து வாரம் அப்படி ஓடியது. இலை மூட்டை ஏற்றி ஓட்டியும் ஒரு முனகல் இல்லை.

ஆனாலும் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. என் புலம்பல் தாங்காமல் கலா ஒருநாள் பட்டறைக்கே வந்துவிட்டாள்.

"ஏனுங்கண்ணா, என் தம்பி வண்டியில ஏதாச்சும் கோளாறு இருக்குதுங்களா? இந்த மனுசன் தூங்கவும் மாட்டேங்குது, என்னைத் தூங்கவும் விடமாட்டேங்குது."

"கோளாறு இல்லீங்கம்மா."

"கேட்டீங்களா?" என்று என்னைப் பார்த்து முகத்தைச் சுளித்துவிட்டுப் போனாள். அவர் பொய் சொல்லவில்லை. அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்த அந்த வண்டியில், அந்த மலையில், அந்த நேரத்தில் கோளாறு இல்லைதான்.

போட்டி நாளன்று யோகு அவரையும் கூட்டிப் போனான். "நீங்க வந்து நின்னாப் போதும்ணே, எனக்குத் தெம்பு." "வர்றேங்க" என்று மடியில் ஒரு மஞ்சப்பையோடு ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். சாப்பாடு என்று நினைத்தோம். நான் பயந்துகொண்டு பஸ்ஸில் போனேன். பர்லியாறு தாண்டியதும் வேர்க்க ஆரம்பித்தது. பஸ்ஸில் எல்லோரும் ஸ்வெட்டரைக் கழற்றினார்கள். அந்தக் கனத்த வெக்கையில் எனக்கு மூச்சு முட்டியதே தவிர, அதற்கும் இன்ஜினுக்கும் சம்பந்தம் உண்டென்று எனக்கு எங்கே தோன்றியது?

குவாரியில் கூட்டம். ஆளுக்கொரு செல்போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். செங்குத்தான கல்மேடு. கூடலூர்க்காரன் முக்கால் மேட்டில் நின்றுபோய்ப் பின்னால் வழுக்கி இறங்கியிருந்தான். அடுத்தது யோகு. உச்சியைத் தொட்டால் வேலை அவனுக்கு. ரிசார்ட்காரர் மேலேயே குடை பிடித்து நின்றார்.

நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்ச் சேர்ந்தபோது யோகு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவரைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணே, ஏறிருவேன்ல?"

"பாதி வரைக்கும் ஏறுவீங்க" என்றார் அவர்.

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். யோகு எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். "குசும்புண்ணே உங்களுக்கு!" கொடி இறங்கியது. ஜீப் உறுமிக்கொண்டு கிளம்பியது.

நான் மட்டும் சிரிக்கவில்லை. அவருடைய குசும்பு எது, கணக்கு எது என்று எனக்குத் தெரியும். அவர் கையைப் பிடித்தேன். "ஏனுங்க பாதின்னு சொன்னீங்க?"

கேட்டுவிட்டேன் அல்லவா? சொல்ல ஆரம்பித்தார். அவசரமே இல்லாமல், முதலிலிருந்து.

"குன்னூர்க் காத்து லேசுங்க. இங்க கீழ காத்து கனம். ப்ளோயர் சுத்தறது அதே சுத்துத்தான். ஆனா ஒவ்வொரு சுத்துலயும் இங்க அள்ளித் தள்ளறது அதிகமுங்க."

ஜீப் முதல் பாறையைத் தாண்டியது. கூட்டம் விசிலடித்தது.

"அப்பறம் உள்ள அமுக்கம் கூடிப்போகுங்க. அந்த அகலத்துக்கு, அந்தச் சுவரு, மலைமேல தாங்கும். இங்க தாங்காதுங்க."

"ஐயோ, இதுக்கு வழியே இல்லீங்களா?"

"இருக்குதுங்க. ப்ளோயர்ல பெல்ட் ஓடற புல்லியைப் பெருசா மாத்தினா அது மெதுவாச் சுத்தும். அமுக்கம் கொறையும். மேல வரைக்கும் ஏறிருங்க."

"புல்லிக்கு எங்கீங்க போறது?"

"பையில இருக்குதுங்க."

மஞ்சப்பையைப் பிடுங்கிப் பார்த்தேன். புத்தம் புது புல்லி. அவரே கடைந்தது, கண்ணாடி மாதிரி மின்னியது. அளவெடுத்து, நேரம் ஒதுக்கி, கடைந்து, மெருகேற்றி, மடியில் வைத்து மலையிறக்கிக் கொண்டுவந்திருக்கிறார். யாராவது கேட்டால் கொடுப்பதற்கு.

நான் அதைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஓடினேன். "நிறுத்துடா! மாப்ளே, நிறுத்துடா!" என் குரல் எனக்கே கேட்கவில்லை. இன்ஜினுக்குள்ளிருந்து தகர டப்பாவில் ஜல்லி போட்டுக் குலுக்குகிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அப்புறம் ஒரு வெடி. வெள்ளையாக ஆவி. மேட்டின் சரிபாதியில் ஜீப் நின்றது, ஒரு கணம் யோசித்தது, பின்னால் வந்தது. பாறையில் ஒரு சக்கரம் ஏறிப் பக்கவாட்டில் சாய்ந்தது. யோகுவின் இடது கால் அடியில் இருந்தது.

எல்லோரும் கத்தினார்கள், ஆளாளுக்கு ஒரு பக்கம் பிடித்து இழுத்தார்கள். யாரோ ஒருவர், "எப்படிங்க தூக்கறது?" என்று அலறினார். போரிங்காரர் அப்போதுதான் மேலேறி வந்து சேர்ந்திருந்தார். கடப்பாரையை எங்கே கொடுக்க வேண்டும், எந்தக் கல்லை முட்டுக் கொடுத்து வைக்க வேண்டும், யார் முதலில் அமுக்க வேண்டும் என்று வரிசையாகச் சொன்னார். சொன்னபடி செய்ததும் வண்டி பூப்போல எழும்பியது. டாக்டர் பிறகு சொன்னார், தப்பான இடத்தில் தூக்கியிருந்தால் காலே போயிருக்கும் என்று. அதற்கு அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை.

ஆம்புலன்ஸ் வந்து யோகுவை ஏற்றிக்கொண்டிருந்தபோது நான் அவர்மேல் பாய்ந்திருக்க வேண்டும். எனக்கு அந்தத் தைரியம் இல்லை. அழுதுகொண்டே கேட்டேன். "சொல்லியிருந்தா உங்களுக்கு என்னங்க கொறைஞ்சிரும்?"

அப்போதும் யோசித்தார். நேர்மையாகத்தான் யோசித்தார்.

"ஒண்ணும் கொறையாதுங்க" என்றார்.

நான் அதோடு பட்டறையை விட்டு நின்றேன். யோகுவை எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்து வைத்துக்கொண்டோம். முட்டியில் தகடு வைத்துத் தைத்திருந்தார்கள். இனி மடங்காது, அழுத்தவும் முடியாது என்று டாக்டர் என்னையும் கலாவையும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். இடது கால், கிளச் மிதிக்கிற கால். நாங்கள் அதை அவனிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? "தைக்கு நடந்துருவே" என்றாள் கலா. தை போய், "சித்திரைக்கு" என்றாள். வேறு இன்ஜின் கிடைக்கிறதா என்று அவன் கட்டிலில் படுத்தபடியே ஆட்களுக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தான். தார்ப்பாய் மூடிய ஜீப் லயத்தில் நின்றது. வாங்கிக்கொள்ள ஒருவர் வந்தபோது, "என் வண்டிங்க, ஆடிக்கு ஓட்டிருவேன்" என்று திருப்பி அனுப்பினான். கூடலூர்க்காரன் மசினகுடியில் சேர்ந்துவிட்டான் என்று கேள்விப்பட்ட அன்று மட்டும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான்.

"அந்தாளு இந்த வாசப்படி மிதிக்கட்டும், வெளக்கமாத்தாலயே சாத்தறேன்" என்று கலா சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு சாயங்காலம் அவர் வந்தார். கையில் ஆரஞ்சுப் பழம். வாசலிலேயே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். கலா அவர் முகத்தைப் பார்க்காமல் அடுப்படிக்குப் போனாள். வந்தவருக்கு டீ வைக்காமல் இருக்க அவளுக்குக் கை வரவில்லை.

யோகுவுக்குச் சந்தோசம் தாங்கவில்லை. "அண்ணே, வாங்கண்ணே! நான்தாண்ணே உங்களைக் கேட்டிருக்கணும். புல்லியை அவ்வளவு தூரம் கொண்டாந்திருந்தீங்களே." அவர் தலையை அசைத்துக் கேட்டுக்கொண்டார். கலா டீயைக் கொண்டுவந்து, பட்டென்று சத்தம் வர ஸ்டூலில் வைத்தாள்.

"அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றான் யோகு.

 யோகுவுக்குப் பின்னால் நின்று அவரைப் பார்த்துக் கையை ஆட்டினேன், வேண்டாம் என்று. கும்பிட்டேன். அவர் என்னைப் பார்த்தார். நன்றாகவே பார்த்தார்.

"கேளுங்க."

"இந்தக் கால் மறுபடி கிளச் மிதிக்குமாண்ணே?"

அவர் கட்டில் ஓரம் நகர்ந்து உட்கார்ந்தார். சிலிண்டருக்குள் விரல் விட்டுப் பார்க்கிற மாதிரி, முட்டியைச் சுற்றி இரண்டு விரலால் மெதுவாக அழுத்திப் பார்த்தார். தகடு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று தடவினார். வலித்திருக்க வேண்டும், யோகு பல்லைக் கடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தான்.

"மிதிக்காதுங்க."

"எப்பவுமேயாண்ணே?"

"எப்பவுமேங்க."

யோகு என்னைத் திரும்பிப் பார்த்தான். அப்புறம் அக்காவைப் பார்த்தான். "உங்களுக்கும் தெரியுமா?" என்றான். கலா முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். நான் தரையைப் பார்த்தேன். அது போதுமாக இருந்தது அவனுக்கு. "மச்சான், வண்டி கேட்டு வந்த ஆளைக் கூப்பிட்டு எடுத்துக்கச் சொல்லிரு" என்றான். சின்னப் பையன் குரல் மாதிரி இருந்தது.

 அவர் டம்ளரை எடுத்து, ஆறிப்போவதற்குள் நிதானமாகக் குடித்து முடித்தார். ஸ்டூலில் வைத்துவிட்டு கலா பக்கம் திரும்பினார்.

"டீ நல்லா இருக்குதுங்கம்மா" என்றார்.

டீ எப்படி என்று யாரும் அவரைக் கேட்கவில்லை.